தலைவரைக் கண்டாலே பிள்ளைகள் ஒதுங்கினால்

வணக்கம் டீச்சர். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் மகிழ் முற்றம் திட்டத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற மாணவக் குழுத் தலைவர்களைக் கண்டாலே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பயந்து ஒதுங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பள்ளியிலும் இதே நிலைதான் இருந்தது. பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலையைத்தான் முதலில் நிறுத்தினோம். அந்தச் சாக்பீஸ் கையில் இருக்கும்வரை தலைவர் போலீஸ்தான்.

அதற்குப் பதிலாக, கவனிக்கும் வேலையைக் கொடுங்கள். 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றுதான் வந்தது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் சில பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பிரேயரில் நிற்பார்கள். எங்கள் முல்லைக் குழுத் தலைவி, வரிசையில் ஒரு பையன் தள்ளாடுவதைப் பார்த்து, சத்தமில்லாமல் வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போய்த் தன் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தாள். பிறகுதான் என்னிடம் வந்து சொன்னாள். இப்போது அவன் அவளை வாய் நிறைய அக்கா என்கிறான்.

பேட்ஜைப் பழைய தலைவரே குத்தட்டும். யார் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதையும் புதியவரிடம் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்புறம் ஒன்று. அடி, தொல்லை என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் தலைவர் விசாரிக்கவே கூடாது, நேராக உங்களிடம் வர வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டும் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.