எஸ்பெராந்தோ கேள்வி பதில்: தமிழ் கைகொடுக்கும் இடமும் காலை வாரும் இடமும்

கே: பதினாறே விதிகள்தான் என்கிறார்கள். ஒரு வாரத்தில் பேசிவிடலாமா?

ப: எஸ்பெராந்தோ, வெவ்வேறு நாட்டவர் தங்களுக்குள் பேசிக்கொள்ள சாமென்ஹாஃப் உருவாக்கிய செயற்கை மொழி. 1887-இல் வார்சாவில் அவர் வெளியிட்ட முதல் நூலில் 16 விதிகளும் ஏறத்தாழ 900 வேர்ச்சொற்களும் இருந்தன. விதிகளை ஒரே மாலையில் வாசித்துவிடலாம், பேச்சு அவ்வளவு சீக்கிரம் வராது. முதல் நாளில் ஈறுகளை மனப்பாடம் செய்யுங்கள். பெயர்ச்சொல்லுக்கு ஓ, பெயரடைக்கு ஆ, வினையடைக்கு ஏ. வினைக்கு நிகழ்காலத்தில் ஆஸ், இறந்தகாலத்தில் இஸ், எதிர்காலத்தில் ஓஸ். இடமும் பாலும் எண்ணும் பார்த்து வினை மாறுவதே இல்லை.

கே: குறிப்புகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளலாமா?

ப: வேண்டாம். ரொட்டிக்கும் குளியலுக்கும் உள்ள சொற்கள் இரண்டுமே நம் எழுத்தில் 'பானோ' ஆகிவிடும். இங்கே வேறு வழியில்லாமல் அப்படி எழுதுகிறேன். நோட்டில் ரோமன் எழுத்தையே பயன்படுத்துங்கள்.

கே: சொல்லின் கடைசியில் 'ன்' எப்போது வரும்? எப்படிப் போட்டாலும் தப்பாகிறது.

ப: அது நம்முடைய 'ஐ' உருபுதான். தப்பு வருவது பெரும்பாலும் மூன்று இடங்களில். 'காபி குடிக்கிறேன்' என்று அஃறிணையில் நாம் ஐ-யை விட்டுவிடுவோம். அங்கே விடக்கூடாது, 'மி ட்ரின்காஸ் காஃபோன்' என்றே சொல்ல வேண்டும். அடுத்து, 'உன்னைப் பற்றி' என்ற பழக்கத்தில் 'ப்ரி வின்' என்று எழுதிவிடுவோம். 'ப்ரி'க்குப் பின் 'ன்' வராது, 'ப்ரி வி' என்பதே சரி. மூன்றாவது பெயரடை. 'அழகான வீடுகளை' என்பதில் 'அழகான' அசையாமல் நிற்கிறது. எஸ்பெராந்தோவிலோ பன்மையின் 'ய்', உருபின் 'ன்' இரண்டையும் பெயரடையும் சுமக்கும்: 'பேலாய்ன் தோமோய்ன்'.

'ன்'-க்கு இன்னொரு பயனும் உண்டு. 'என் லா தோமோ' என்றால் வீட்டுக்குள் இருப்பது; 'என் லா தோமோன்' என்றால் வீட்டுக்குள் போவது.

கே: 'மழை தொடங்கியது' என்று எஸ்பெராந்தோவில் எழுதினேன், திருத்திவிட்டார்கள். ஏன்?

ப: தமிழில் 'வேலையைத் தொடங்கினேன்', 'மழை தொடங்கியது' இரண்டுக்கும் ஒரே வினை. அங்கே 'கோமென்ட்ஸி' செயப்படுபொருளைக் கேட்கும் வினை. தானாகத் தொடங்குவதற்கு 'இஜ்' சேர்த்து 'கோமென்ட்ஸிஜி' என்று சொல்ல வேண்டும். கொதிப்பதைக் குறிக்கும் 'போலி' என்ற வினையில் இது தலைகீழ்: தண்ணீர் தானே கொதித்தால் 'போலாஸ்', நாம் கொதிக்க வைத்தால் 'இக்' சேர்த்து 'போலிகாஸ்'. எந்த வினை எந்த வகை என்று ஊகிக்காதீர்கள். அகராதியில் வினைக்குப் பக்கத்தில் குறி இருக்கும், சொல்லோடு சேர்த்து அதையும் படியுங்கள்.

கே: நீ, நீங்கள்? நாம், நாங்கள்?

ப: முதல் இரண்டுக்கும் 'வி', மற்ற இரண்டுக்கும் 'நி'. அவ்வளவுதான்.

கே: இவ்வளவு தொல்லை தரும் 'ன்'-ஐ நீக்கிவிட்டால் என்ன?

ப: 1907-இல் எஸ்பெராந்தோவிலிருந்து பிரிந்துபோன ஈதோ மொழி கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. எழுவாய்க்கு முன் செயப்படுபொருள் வந்தால் மட்டும் அங்கே 'ன்' கட்டாயம். பெயரடை மாறுவதே இல்லை. எஸ்பெராந்தோவில் அதற்கு இடமில்லை. 1905-இல் பூலோன்-சூர்-மேர் நகரில் கூடிய முதல் உலக மாநாடு 'ஃபுந்தமென்டோ' என்ற சாமென்ஹாஃபின் இலக்கண நூலை யாரும் மாற்றக்கூடாத அடிப்படையாக ஏற்றது. என்னைக் கேட்டால் 'ன்' இருப்பதே நல்லது. 'பூனையை நாய் துரத்துகிறது' என்று நாம் சொல்வதை அதே வரிசையில் 'லா காடோன் லா ஹுந்தோ சாஸாஸ்' என்று சொல்ல முடிவது அதனால்தான்.