தமிழ்வழியில் படித்தோரும் பார்வைக் குறைபாடுள்ள மாணவியும் இருக்கும் ஊட்டிக் கல்லூரி வகுப்பில் தரவு அறிவியலை எப்படி நடத்துவது? பலரிடம் லேப்டாப் இல்லை.

லேப்டாப் பெரிய தடையல்ல. நிரல் எழுதி இயக்க உதவும் கூகுள் கோலாப் உலாவியிலேயே இயங்கும். ஆய்வகக் கணினி போதும். மழைக்காலத்தில் இணையம் காலை வாரிவிடலாம், அப்போது கோலாப் இயங்காது என்பதால் ஆய்வகக் கணினியிலேயே பைத்தான் நிரல்மொழியை நிறுவி, தரவுக் கோப்புகளை பென்டிரைவிலும் வைத்திருங்கள்.

உண்மையான சிக்கல் வரைபடங்களில்தான். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் எழுத்தைப் படித்துக் காட்டும். கோட்டின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு வரைபடத்துடனும் அதன் அட்டவணையையும், "ஜூலையில் உச்சம், பிறகு சரிவு" என்பது போன்ற இரண்டு வரி விளக்கத்தையும் சேருங்கள். இந்த விளக்கத்தை எல்லா மாணவர்களையும் எழுதவையுங்கள். பார்வையுள்ளவர்களும் அப்போதுதான் வரைபடத்தை ஒழுங்காகப் பார்ப்பார்கள்! சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பி எதையும் வேறுபடுத்தாதீர்கள்; நிறக்குருடு உள்ளவர்களுக்கு அவை பிரித்தறியக் கடினம்.

கருத்தைத் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலக் கலைச்சொல்லுக்குப் போங்கள். தரவு அறிவியல் பாடங்களில் எடுத்துக்காட்டாக வந்து சலித்துப்போன டைட்டானிக் பயணிகள் பட்டியல் எதற்கு? 2019 ஆகஸ்டில் நீலகிரி மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த நாளைச் சேர்த்தும் நீக்கியும் அம்மாதத்தின் தினசரி மழைக்குச் சராசரியும் இடைநிலையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) காணச் சொல்லுங்கள். சராசரி எகிறிக் குதிக்கும். இடைநிலை ஏறக்குறைய அசையாது.

தேர்வில் வரைபடம் வரையும் வினாவுக்கு அம்மாணவிக்கென மாற்று வினாவை முன்கூட்டியே தயாரித்துவிடுங்கள்.