ஐந்து சேனல்களும் ஆதி தாளமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஜார்ஜ்டவுனில் படிவம் ஐந்து படிக்கிறேன். கீபோர்டில் கர்நாடக இசை கற்று வருகிறேன். மாமாவின் பழைய விளையாட்டுப் பெட்டியில் கேட்ட 8 பிட் இசையைப் போல நானும் அமைக்க விரும்பி, ஃபேமிடிராக்கர் என்ற இசையமைப்பு மென்பொருளை என் பழைய விண்டோஸ் மடிக்கணினியில் நிறுவினேன். திரை முழுவதும் எண்களும் எழுத்துகளும் ஓடுவதைக் கண்டு மூடிவிட்டேன். விலை கொடுத்து வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா?

வாசகர், பினாங்கு

அன்புள்ள தம்பி,

பணம் செலவழிக்க வேண்டாம். நீங்கள் நிறுவியிருப்பது நல்ல கருவி. அது இலவசமாகவே கிடைக்கிறது. அந்தத் திரை மிரட்டுவதற்குக் காரணம், அது எந்த ஒலிச் சில்லுக்காக (சிப்) எழுதப்பட்டது என்பது தெரியாமல் அதைத் திறப்பதுதான். 1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோ ஃபேமிலி கம்ப்யூட்டரின் ஒலிப்பகுதியில் ஐந்து சேனல்களே உண்டு: மெட்டுக்கு உகந்த இரண்டு துடிப்பலைகள், தாழ்ந்த சுரங்களுக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஓர் இரைச்சல், சிறு ஒலிப்பதிவுகளுக்கு ஒன்று. திரையில் நீங்கள் பார்த்த ஐந்து பத்திகளும் இவையே. நம் சுரக் குறிப்பேட்டை நிமிர்த்தி, மேலிருந்து கீழாகப் படிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

ஃபேமிடிராக்கரின் இயல்பான அமைப்பில் ஒரு பக்கத்துக்கு 64 வரிசைகள்; நான்கு வரிசைகள் சேர்ந்தால் ஓர் அடி. ஆதி தாளத்தின் எட்டு அடிகளுக்கு 32 வரிசைகள் என்பதால், ஒரு பக்கத்தில் சரியாக இரண்டு ஆவர்த்தனங்கள், அதாவது இரண்டு முழுத் தாளச் சுற்றுகள், அடங்கிவிடும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் அமைக்க விரும்பினால், பக்கத்தின் நீளத்தை ஏழின் மடங்காக, 56 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு உங்களுக்குக் கையில் இருப்பதால், தாளம் கற்காத ஒருவரைவிட நீங்கள் விரைவாக முன்னேறுவீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் மாயாமாளவகௌளை இராகத்தில் ஒரு சரளி வரிசையை (தொடக்கச் சுரப் பயிற்சியை) முதல் துடிப்பலையில் மட்டும் இடுங்கள். அதையே இரண்டாம் துடிப்பலையில் மூன்று வரிசைகள் தள்ளி, ஒலியளவைப் பாதியாகக் குறைத்து இட்டால் எதிரொலி கிடைக்கும். அந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் வெறுமையை நிரப்பக் கையாண்ட முறை இது. மேற்கத்திய பாணியில் 047 என்ற கட்டளையைக் கொடுத்து, மூன்று சுரங்களை நொடிக்கு அறுபது முறை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, ஒரே சேனலில் கூட்டுச்சுரம் இருப்பதாகக் காதை நம்பவைப்பதும் உண்டு. ஆயினும் நம் இசைக்கு அதைவிட அவசியமானவை 3, 4 என்று தொடங்கும் கட்டளைகள். முன்னது ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும், அதாவது ஜாரு, பின்னது அசைவு. சுரங்களைத் தட்டையாக இட்டுவிட்டு இராகம் வரவில்லை என்று சலிப்படைவோர் பலர். இவ்விரு கட்டளைகளிலும் நேரம் செலவிடுங்கள்.

தாளத்துக்கு ஒரு யோசனை. முக்கோண அலையின் சுருதியைச் சட்டென்று கீழே சரித்தால் தோற்கருவியின் ஒலி வரும். இரைச்சல் சேனலின் குறுகிய அடியை அதனோடு சேருங்கள். சரிவை மெதுவாக்கிப் பிறகு மேலே இழுத்தால், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் கேட்கும் உருமியின் முனகலை நெருங்கலாம். முக்கோண அலைக்கு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி கிடையாது. எனவே அழுத்தம் வேண்டிய இடத்தில் அடிகளின் நெருக்கத்தைக் கூட்டுங்கள்.

அதன் பிறகும் எண்கள் உறுத்தினால், சுரங்களைக் கட்டங்களில் வரையும் ஃபேமிஸ்டூடியோவுக்கு மாறலாம், அதுவும் இலவசமே. மற்றச் சில்லுகளைத் தொட விரும்பும் நாளில் ஃபர்னஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. இப்போதைக்கு ஒரே சில்லோடு இருந்து, ஒரு நிமிடப் பாட்டு ஒன்றை முடித்து, அதன் ஒலிக்கோப்பை எனக்கு அனுப்புங்கள். கேட்டு விரிவாக எழுதுகிறேன்.