வாசகர் கேள்வி: சர்க்கரையோடு மண்ணின் சத்தும் கப்பலேறுகிறதா?

கேள்வி: "சூழல் மண்டலத்தில் ஆற்றல் ஒரே திசையில் பாயும், சத்துகள் சுழலும்" என்று பள்ளியில் படிக்கிறோம். எங்கள் வயலிலிருந்தோ ஆண்டுதோறும் கரும்பு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. பிறகு சத்து எப்படிச் சுழலும்? சோகையை (கரும்பின் காய்ந்த இலையை) எரித்தால் சத்தெல்லாம் சாம்பலாகி மண்ணுக்கே வந்துவிடும் என்கிறார் என் மாமா. அது சரியா? (மாணவி, ஃபிளாக், மொரிசியஸ்)

பதில்: உங்கள் மாமா சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று பார்ப்பதற்கு முன், கப்பலேறுவது எது என்பதைத் தெரிந்துகொள்வோம். தூய சர்க்கரையில் கரிமம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் மூன்று தனிமங்களே உள்ளன. அவை காற்றிலிருந்த கரியமில வாயுவிலிருந்தும் வேர் உறிஞ்சிய நீரிலிருந்தும் வந்தவை. ஆகவே போர்ட் லூயிஸ் துறைமுகத்திலிருந்து சர்க்கரை புறப்படும்போது, தழைச்சத்தோ (நைட்ரஜன்) மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தோ (பொட்டாசியம்) குறிப்பிடத்தக்க அளவில் அதனுடன் செல்வதில்லை; காற்றையும் நீரையும் பிணைத்து வைத்த வெயிலைத்தான் நாம் விற்கிறோம். உருளைக்கிழங்கு பயிரிடுபவருக்கு இந்த வசதி கிடையாது.

அப்படியானால் சத்துகள் எங்கே நிற்கின்றன? 100 டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 10 டன் சர்க்கரையும் 30 டன் ஈரச் சக்கையும் கிடைக்கும். சாற்றில் சுண்ணாம்பிட்டுத் தெளியவைக்கும்போது படியும் கசட்டில் மணிச்சத்து தங்குகிறது. சர்க்கரையைப் பிரித்தபின் எஞ்சும் பாகான மொலாசஸில் சாம்பல்சத்து தங்குகிறது. சக்கை கொதிகலனில் எரிந்து நம் வீட்டு விளக்குக்கு மின்சாரமாக வர, அதன் சாம்பல் கொதிகலனின் அடியில் எஞ்சுகிறது. கசடும், சாம்பலும், மொலாசஸிலிருந்து மதுசாரம் வடித்தபின் மிஞ்சும் கழிவுநீரும் வயலுக்குத் திரும்பினால், சத்தின் வட்டம் பெருமளவு மூடிவிடும். ஆலைக்கு அருகிலுள்ள வயல்களுக்கு மட்டுமே அவை திரும்பினால், தொலைவில் நான்கு ஏக்கர் வைத்திருப்பவரின் கணக்கில் பற்று மட்டும்தான் ஏறும், வரவு இராது. ஆனால் சக்கை எரிந்து வெளிப்பட்ட வெப்பத்தை எந்த ஆலையாலும் கரும்புக்குத் திருப்பித் தர முடியாது. அடுத்த பயிருக்குப் புதிய வெயில்தான் வேண்டும். உங்கள் பாடநூல் வாக்கியத்தின் பொருள் இதுவே.

இனி சோகை. அதை எரித்தால் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் பெரும்பாலும் சாம்பலில் இருக்கும். தழைச்சத்திலும் கந்தகத்திலும் பெரும்பகுதி வாயுவாகிப் போய்விடும். மாமாவின் பாதி, சாம்பலில் உள்ள பாதி. அதையும் காற்று தூக்காமலும் பெருமழை அடித்துச் செல்லாமலும் இருக்க வேண்டும். எரிக்காமல் பரப்பிவிட்டால் ஈரம் காக்கும், களை அடங்கும். ஆனால் சோகையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து சொற்பம். அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், தொடக்கத்தில் மறுதாம்புப் பயிர் (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் கரும்பு) சற்று வெளிறக்கூடும். அதைக் கண்டு அஞ்சித் தீ வைப்பது அவசரம் என்பேன். அந்த நுண்ணுயிர்கள் மடிய மடிய, வாங்கியது மண்ணுக்கே திரும்பும்.

கேள்வி: உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு 10 விழுக்காடு ஆற்றல்தான் போகும் என்பது விதியா?

பதில்: விதியன்று, சராசரி. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீடர் பாக் ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டெமான் 1942இல் வெளியான கட்டுரையில் தந்த கணக்கின்படி, தாவர உண்ணிகளின் படியில் அது 13.3 விழுக்காடு, அவற்றை உண்பவற்றின் படியில் 22.3 விழுக்காடு. அக்கட்டுரை அச்சேறுமுன்பே அவர் காலமாகிவிட்டார். 10 என்பது தேர்வுத்தாளில் எழுத எளிதான எண், அவ்வளவே.

கேள்வி: மழையில் கரைந்து கடலுக்குப் போன உரம் என்றாவது நிலத்துக்குத் திரும்புமா? (வாசகர், மாஹேபூர்)

பதில்: தானாகத் திரும்பாது, தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். அதை எதிர்த்து மேலே சுமப்பவை கடற்பறவைகள். ஆழ்கடலில் மீன் தின்று, தீவில் கூடு கட்டி, எச்சமிட்டு, கடலின் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் அவை கரையேற்றுகின்றன. நமக்கு வடக்கே உள்ள ரவுண்ட் தீவில் எலிகள் கால் வைத்ததே இல்லை. 1979இல் ஆடுகளும் 1986இல் முயல்களும் அகற்றப்பட்டபின் அங்கே செடிகொடிகள் மீண்டு வருகின்றன, பறவைகளும் கூடு கட்டுகின்றன.

எலி புகுந்த தீவில் என்ன ஆகும் என்பதை இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. எலிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுவதால் எச்சம் குறைகிறது. எலியற்ற தீவுகளில் பறவைகளால் மண்ணில் சேரும் தழைச்சத்து, எலியுள்ள தீவுகளைப் போல் 251 மடங்கு. அது மழையில் வழிந்து பவளப் பாறைக்கும் உணவாவதால், எலியற்ற தீவுகளை ஒட்டிய பாறைகளில் மீன்களின் மொத்த எடை 48 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நீங்கள் கேட்ட அதே உரம் ஆகாது, அதே கடல்தான். நம் வயலின் யூரியா காயலில் பாசியை வளர்க்க, பறவையின் எச்சமோ அங்கே மீனை வளர்க்கிறது. இரண்டும் தழைச்சத்துதான் என்றாலும், எச்சத்தோடு மணிச்சத்தும் சேர்ந்து சிறுகச் சிறுக வருகிறது. யூரியாவோ உரமிட்ட பின் கொட்டும் ஒரே பெருமழையில் மொத்தமாக இறங்கிவிடுகிறது.