கறுத்தக்கொழும்பான் மாங்காய் முற்றிவிட்டதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் எங்கள் வளவில் எட்டுக் கறுத்தக்கொழும்பான் மரம் நிற்கிறது. போன முறை பெரிய காயாகப் பார்த்துத்தான் பறித்தோம், பழுக்கப் போட்டதில் பாதி தோல் சுருங்கிப் புளித்துக் கிடந்தது. இப்போது வியாபாரி இந்தக் கிழமையே மொத்தமாகப் பறிக்கவேண்டும் என்கிறார். விடலாமா?

பதில்: விடாதீங்க தம்பி. தோல் சுருங்கி, புளிப்பும் போகவில்லை என்றால் அது முற்றாத காய்தான். காய் முதலில் பருத்துவிடும், உள்ளே மாப்பொருள் நிறைவது பிறகுதான், அதுதான் பழுக்கும்போது சீனியாகிறது. நிறமும் உதவாது, கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் தோலில் பச்சை முழுதாகப் போகாது.

காம்படியைப் பாருங்கள். இளங்காயில் தோள் காம்பிலிருந்து சரிந்து இறங்கும். முற்ற முற்ற இரண்டு தோளும் திரண்டு எழும்பி, காம்பு சின்னக் குழிக்குள் இருப்பதுபோல் தெரியும், கன்னமும் புடைக்கும். சந்தேகமா, ஒன்றை வெட்டுங்கள். கொட்டையை ஒட்டிய சதை வெள்ளையென்றால் இன்னும் பொறுக்கவேண்டும், மஞ்சள் ஓடியிருந்து கொட்டை ஓடும் கத்திக்கு மசியாவிட்டால் பறிக்கலாம்.

வெட்ட மனமில்லையென்றால் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், முற்றியது பெரும்பாலும் தாழும், இளசு மிதக்கும். கடல் பக்கத்தில்தானே என்று கடல் தண்ணீரில் மட்டும் பார்க்காதீர்கள், உப்புக்கு நல்ல காயும் மிதந்துவிடும்.

மரத்தில் பூ ஒரே நாளில் பூப்பதில்லை, பூத்து மூன்றரை, நான்கு மாதம் என்ற கணக்கும் கொத்துக்குக் கொத்து மாறும். அதனால் ஒரே தடவையில் உலுப்பாமல் இரண்டு மூன்று தடவையாகப் பறியுங்கள். தானாகப் பழுத்து ஒன்றிரண்டு விழுந்தால் நல்ல அடையாளம், ஆனால் கச்சான் காற்றுக்கு விழுவதையும் பழ ஈ குத்தி விழுவதையும் அதில் சேர்க்கக்கூடாது.

பறிக்கும்போது கொக்கத்தடியில் பை கட்டி, காம்போடு பறியுங்கள். விடிய வேண்டாம், 9 மணிக்கு மேல் காம்பில் பால் வடிவது குறைவு. காம்பை ஒட்ட வெட்டிக் குப்புற வையுங்கள், பால் பட்ட தோல் கருகும்.

காபைட் கல் வைத்துப் பழுக்கவைப்போம் என்று வியாபாரி சொல்லலாம். அந்தக் காபைட் சட்டப்படி தடை, தவிர இளங்காய்க்கு அது நிறத்தைத் தருமே ஒழிய இனிப்பைத் தராது. மரத்தை மொத்தமாகப் பேசாமல் கிலோக் கணக்கில், நீங்களே பறித்துக் கொடுப்பதாகப் பேசுங்கள். அதற்கு அவர் ஒத்துவராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம்.