அந்தப் 16ஆம் இடம்

கேள்வி: நான் அயன் மெய்டன் றொக் குழுவின் தீவிர ரசிகன். 1975இல் தொடங்கிய குழு, 2021இல் 'செஞ்சுட்சு' இசைத்தொகுப்போடு வந்து இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம் பிடித்தது. என் நண்பனோ, "ரசிகர்கள் முதல் வாரமே ஓடிப்போய் வாங்குவதால் கிடைக்கிற இடம் அது. அதெல்லாம் ஒரு வெற்றியா?" என்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?
– வாசகர் ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவரோடு வாதாட முடியாது. இந்தக் குழுவின் தனிப்பாடல்களில் (தொகுப்பாக இல்லாமல் ஒற்றைப் பாட்டாக விற்பவை) இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்: 'பிரிங் யுவர் டோட்டர் டு த ஸ்லோட்டர்'. அதை 1990 டிசம்பர் 24ஆம் திகதி வெளியிட்டார்கள். நத்தார் முடிந்ததும் கடைகளில் விற்பனை படுத்துவிடும். அந்த நேரம் பார்த்து ரசிகர்கள் ஒரே மூச்சில் போய் வாங்கினால் மேலே ஏறிவிடலாம். ஏறியது. 1991 ஜனவரியில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. பிபிசி வானொலி பெரிதாகப் போடாத பாட்டு அது.

சரி, அதனால் அது வெற்றி இல்லையா? இங்கேதான் நான் உங்கள் நண்பரோடு முரண்படுகிறேன். வானொலி நாளுக்குப் பத்துத் தடவை போட்டுக் காதில் ஏற்றிய பாட்டை வாங்குபவரின் காசு நல்ல காசு, யாரும் சொல்லாமல் தானாகக் கடை தேடிப் போனவரின் காசு கள்ளக் காசு என்றால், அது என்ன கணக்கு? ரசிகர் வாங்குவதைக் கழித்துவிட்டுத்தான் வெற்றியை எண்ண வேண்டும் என்றால் எந்தக் கலைஞருக்கும் மிச்சம் இராது.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த 2ஆம் இடத்தைத் தூக்கிக்கொண்டு வாதத்துக்குப் போகாதீர்கள். 'செஞ்சுட்சு' வந்த அதே நாளில் கனடா ராப் பாடகர் டிரேக்கின் புதிய தொகுப்பும் வந்தது. முதலிடம் அவருக்குப் போயிற்று. அந்த வாரம் இங்கிலாந்தில் எது எவ்வளவு போனது என்பதுதான் அந்த எண் சொல்லும் சேதி. பிங்க் புளொய்ட் என்ற றொக் குழுவின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' 1973இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் 1988 வரைக்குள் அந்தப் பட்டியலில் அது இருந்த வாரங்கள் 741. உச்சியை மட்டும் பார்த்தவருக்கு அந்தத் தொகுப்பைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்?

உங்கள் குழுவின் விசுவாசத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் 1998ஐ எடுங்கள். பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993இல் விலகிப் போய்விட்டார். அதற்கு முந்திய வருடம்தான் குழுவின் தொகுப்பு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்திருந்தது. புதுப் பாடகரோடு 1995இல் வந்த தொகுப்புக்கு 8ஆம் இடம்; 1998இல் வந்ததற்கு 16. பத்திரிகைகளுக்கு றொக் குழுக்களில் வேறு மோகம் வந்துவிட்ட காலம் அது. அந்தப் 16ஆம் இடத்தை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை, நீங்களும் உங்கள் கடிதத்தில் சொல்லவில்லை. எனக்கோ அந்த எண்ணில்தான் மனம் நிற்கிறது. டிக்கின்சன் 1999இல் திரும்பி வந்தபோது, திரும்பி வர ஒரு குழு மிஞ்சியிருந்ததே, அது அந்த வருடங்களிலும் காசு கொடுத்து உள்ளே வந்தவர்களால்தான்.

இன்னொரு இங்கிலாந்துக் குழு மரிலியன். 1985இல் முதலிடம் கண்டவர்கள். பத்து வருடத்தில் பெரிய கம்பனி கைவிட்டுவிட்டது. 1997இல் அமெரிக்காவுக்குப் போய்ப் பாடக் காசில்லை என்று அவர்கள் சொன்னபோது, அங்குள்ள ரசிகர்கள் தாங்களாகவே இணையம் வழியாகச் சுமார் 60,000 டொலர் சேர்த்துக் கொடுத்து அழைத்தார்கள். குழு கேட்டு நடந்ததல்ல அது. அதைப் பார்த்துத்தான் 2001இல் வெளிவந்த தொகுப்புக்கு, ஒரு பாட்டுக்கூடப் பதிவாகுமுன்பே, ரசிகர்களிடம் முற்பணம் கேட்டார்கள். 12,000க்கு மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். கேட்காத பாட்டுக்கு! எந்தப் பட்டியலில் இதற்கு இடம் இருக்கிறது?

இதையெல்லாம் நான் சூடாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கப்பலில் வேலை செய்த அண்ணா ஒருவர் கொண்டுவந்த கசெற்றில் இருந்து பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் இருந்து இன்னொருவர் எடுத்து, அப்படி நாலாம் கையாக வந்த ஒலிநாடாவில்தான் இந்த ஊரில் நாங்கள் றொக் கேட்டோம். கிற்றாரை விட இரைச்சல் கூடுதலாகக் கேட்கும். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். எங்களில் ஒருவரையும் லண்டன் எண்ணியதில்லை. இன்றைக்கும் அப்படித்தான். 2015 முதல் இணையத்தில் கேட்பதையும் தொகுப்புப் பட்டியலில் சேர்க்கிறார்கள், ஆனால் அந்த நாட்டுக்குள் கேட்பதை மட்டும். நீங்கள் உவர்மலையில் இராப்பகலாக ஓடவிட்டாலும் அங்கே ஒரு எண்ணும் ஏறாது.

கேட்பவரையும் எண்ணிய பட்டியல் ஒன்று நம் நாட்டில் இருந்தே ஒலித்திருக்கிறது. 1952இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா', கொஞ்சக் காலத்தில் ஹிந்திப் பாடல்களை வரிசைப்படுத்தி ஒலிபரப்பியது. இசைத்தட்டு விற்பனையோடு நேயர் சங்கங்களின் விருப்பத்தையும் கேட்டே அந்த வரிசையைப் போட்டார்கள். இசைத்தட்டு வாங்க வசதியில்லாதவருக்கும் அங்கே ஒரு குரல் இருந்தது. இப்போது அப்படி யாரும் நம்மைக் கேட்பதாகத் தெரியவில்லை.

ஆகவே தம்பி, நண்பருக்கு எண்களால் பதில் சொல்ல வேண்டாம். ஒரு பின்னேரம் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு 'செஞ்சுட்சு'வை முழுதாகப் போடுங்கள். 80 நிமிடத்துக்கு மேல் ஓடும், நடுவில் போனை எடுக்க விடாதீர்கள். கடைசி மூன்று பாட்டும் குழுவைத் தொடங்கிய ஸ்டீவ் ஹரிஸ் எழுதியவை, ஒவ்வொன்றும் 10 நிமிடத்தைத் தாண்டும். வானொலி ஏன் இவர்களைப் போடுவதில்லை என்பது அவருக்கு அப்போதே விளங்கிவிடும். ரசிகர்கள் ஏன் முதல் வாரமே ஓடினார்கள் என்பதை, அந்த மூன்றும் முடிந்த பிறகு அவரிடமே கேளுங்கள்.