பங்குச் சந்தை: கேள்வி – பதில்

கேள்வி: தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை. செம்பனை எண்ணெய் விலை இறங்கும் என்று தோன்றுகிறது. 6,000 ரிங்கிட் இருக்கிறது. தோட்ட நிறுவனப் பங்கு ஒன்றை சிஎஃப்டியில் (விலை வித்தியாச ஒப்பந்தத்தில்) ஷார்ட் செய்யலாம், அதாவது முதலில் விற்று, விலை இறங்கியபின் வாங்கி முடிக்கலாம் என்கிறார் நண்பர். கையில் இல்லாத பங்கை எப்படி விற்பது, ஐயா? நட்டம் எவ்வளவு வரும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சிஎஃப்டியில் பங்கு யார் கையிலிருந்தும் உங்கள் கைக்கு வருவதில்லை. விற்ற விலைக்கும் திரும்ப வாங்கி முடிக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நீங்களும் சிஎஃப்டி தரும் நிறுவனமும் பணமாகத் தீர்த்துக்கொள்கிறீர்கள்.

உங்கள் 6,000-ஐயே வைத்துப் பார்ப்போம். 4 ரிங்கிட் பங்கில் 5,000 யூனிட் விற்கிறீர்கள், மதிப்பு 20,000. மார்ஜின் (பிணையாகக் கணக்கில் நிறுத்திவைக்கும் பணம்) 20 விழுக்காடு என்றால் 4,000 முடங்கும். விலை 3.60-க்கு இறங்கினால் 2,000 லாபம். நண்பர் இதுவரைதான் சொல்லியிருப்பார்.

ஏறினால்? மார்ஜினைப் பெரும்பாலும் அன்றைய விலையில்தான் கணக்கிடுவார்கள். 4.34 ஆனதும் நட்டம் 1,700. கணக்கில் மிச்சம் 4,300. தேவைப்படும் மார்ஜினோ 4,340 ஆகியிருக்கும். வெறும் 34 சென் ஏற்றத்தில் மார்ஜின் கால், அதாவது இன்னும் பணம் போடச் சொல்லும் அழைப்பு, வந்துவிடும். இதே அளவை வாங்கியிருந்தால், விலை இறங்க இறங்க மார்ஜினும் குறையும், 3.50 வரை தாங்கலாம். விற்றவருக்கு நட்டமும் மார்ஜினும் சேர்ந்தே ஏறுகின்றன. ஆகவே 5,000 யூனிட் உங்களுக்கு அதிகம். 1,000 யூனிட் விற்றால், விலை 5 ரிங்கிட் ஆனாலும் நட்டம் 1,000 ரிங்கிட்டோடு போகும்.

சில்லறைச் செலவுகள்: விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் 2 சென் இடைவெளி என்றால் 5,000 யூனிட்டுக்கு உள்ளே நுழைந்ததுமே 100 ரிங்கிட் போச்சு. கமிஷன் இரண்டு பக்கமும் உண்டு. சிஎஃப்டி நிறுவனம் தன் பாதுகாப்புக்காகக் கடன் வாங்க எளிதில் கிடைக்காத பங்கென்றால் தினசரிக் கட்டணமும் சேரும். டிவிடெண்ட் (பங்கு ஈவு) 12 சென் என்றால், எக்ஸ் தேதியில் (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த ஈவு கிடையாது) உங்கள் கணக்கில் 600 ரிங்கிட் கழிப்பார்கள். அன்று விலை ஏறத்தாழ அதே அளவு இறங்குவதால், முதல் நாள் விற்று அந்த இறக்கத்தைப் பிடிக்கலாம் என்ற யோசனை பலிக்காது; இறக்கத்தில் வரும் லாபம் இந்தக் கழிவிலேயே போய்விடும்.

இன்னொன்று. எண்ணெய் விலை இறங்கினால் தோட்டப் பங்கும் கூடவே இறங்கும் என்று எண்ணாதீர்கள். சுத்திகரிப்பு ஆலையும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அதே இறக்கம் மூலப்பொருள் மலிவு. எண்ணெயையே ஷார்ட் செய்ய புர்சாவில் (மலேசியச் சந்தையில்) செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸ், அதாவது பின்தேதிக்கான விலை ஒப்பந்தம், இருக்கிறது. ஆனால் ஒரு ஒப்பந்தம் 25 டன். டன்னுக்கு 100 ரிங்கிட் ஏறினால் 2,500 நட்டம். 6,000 ரிங்கிட்டுக்கு அது ஆகாது.

கேள்வி: ஷார்ட் செய்யும்போது, விலை குறித்த அளவைத் தொட்டதும் தானாக முடித்துவிடும் ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் பயமில்லைதானே?
– வாசகி, பீடோர்

பதில்: பாதி உண்மை. 4 ரிங்கிட்டுக்கு விற்று, 4.20-இல் ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறீர்கள். மாலை 5 மணிக்குச் சந்தை 4.05-இல் முடிகிறது. இரவில் யாரோ அந்த நிறுவனத்தையே வாங்க முன்வந்து, காலை 9 மணிக்கு 4.60-இல் திறந்தால், உங்களுக்குக் கிடைப்பது 4.60தான். சந்தை இடைவேளையான பகல் 12.30-க்கும் 2.30-க்கும் இடையில் வரும் அறிவிப்பாலும் இப்படித் தாவும். காலாண்டு அறிக்கை வரும் வாரத்தில் ஷார்ட்டை இரவு தாண்டி வைக்காதீர்கள். விலை தாவினாலும் குறித்த விலையிலேயே முடித்துத் தரும் உத்தரவாத ஸ்டாப் லாஸ் தரும் நிறுவனம் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும். ஷார்ட்டுக்கு அது கொடுக்கத் தகும்.

விதியும் நடுவில் மாறலாம். 2020 மார்ச் 24 முதல் அந்த ஆண்டு முடியும்வரை மலேசியச் சந்தையில் ஷார்ட் செல்லிங்கையே நிறுத்தி வைத்தார்கள்.

கணக்குத் திறக்கும் முன் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் உரிமப் பட்டியலில் சிஎஃப்டி நிறுவனத்தின் பெயரையும், எச்சரிக்கைப் பட்டியலில் அதே பெயரையும் தேடுங்கள். பணத்தைத் தனிநபர் வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கணக்கு மைனஸுக்குப் போனால் மீதியை உங்களிடம் கேட்பார்களா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படித்துவிட்டு, அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள்.